மச்சு ஏன் ஆடுகிறது?

கரமனை அக்கிரகாரத்தில் நான் குடியிருக்கும் பழைய வீட்டின் மச்சில் யாரேனும் நடந்தால், கீழே தொங்கும் விளக்கு ஆடும். இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்றார் வீட்டுக்காரர். பார்க்க வந்த ஆசாரியோ, "மரம் வைரம், துணைதான் இல்லை" என்றார்.

2 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் விறைப்பு 16 மடங்கு. ஆனால், சுமை ஏறினால் அதன் மேல்விளிம்பு அமுங்கிப் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். சட்டங்களின் நடுப்பகுதியில், இடைவெளிதோறும், முழு உயரக் குறுக்குக்கட்டைகளை இறுக்கி அறைந்தால் சட்டம் சாயாது. மிதிக்கும் பாரத்தை அண்டைச் சட்டங்களும் பகிர்ந்துகொள்ளும். கட்டை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமரம் காய்ந்து சுருங்கினால் பிடி தளர்ந்துவிடும்.

விளக்கின் ஆட்டம் அடங்கிற்று, மச்சும் பிழைத்தது. நண்பர்களே, பழைய மச்சை இடிக்குமுன் சட்டங்களின் இடைவெளியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்!