கியர் விழவில்லையா? முதலில் என்ஜினை நிறுத்துங்கள்

மட்டாஞ்சேரியில் நம்மவர்கள் சிலருடைய வீடுகளில் பழைய கார்கள் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு வண்டியோடு நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும்.

நம் உறுப்பினர் ஒருவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. அவர் ஆசையாக வைத்திருந்த 1968ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஓட்டுக் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் சும்மாவே நின்றது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மகன் அதைக் கிளப்பிப் பார்த்தான். என்ஜின் ஓடியது, கியர்தான் விழவில்லை. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று தெருமுனை வரை கேட்டது. ஒரு பட்டறையில் காட்டியபோது, கியர்பாக்ஸ் போய்விட்டது, சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆக்ரிக்காரர் வந்து விலையும் பேசிவிட்டுப் போனார்.

"மாமா, அப்பா வண்டி. எடைக்குப் போட மனசு வரலை. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று பையன் வந்து நின்றான். முப்பது வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஹெரால்டை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் 1962இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்து உருவானதுதான். கியர்பாக்ஸும் ஒரே குடும்பம். 1948இல் தொடங்கிய சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, 1961 முதல் ஹெரால்டை இங்கே தயாரித்தது. 1988இல் அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் புண்ணியத்தில் ரப்பர் சீல், புஷ் போன்றவை இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. அளவு பார்த்து வரவழைத்துக்கொள்ளலாம்.

இனி பாடம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பையன் போட்டான். நான்கும் ரிவர்ஸும் வெண்ணெய்போல விழுந்தன. அப்படியானால் குற்றம் பெரும்பாலும் கியர்பாக்ஸில் இல்லை, கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று அர்த்தம். பெடலை மிதித்த பிறகும் என்ஜின் கியர்பாக்ஸின் தண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தால் பற்கள் எப்படிச் சேரும்?

இந்த வண்டிகளில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு நகர்ந்து கிளட்ச்சை விடுவிக்கும். இங்கே ஒரு சௌகரியம் உண்டு. இருக்கைகளுக்கு நடுவே உள்ள மூடியைக் கழற்றினால் எல்லாம் காருக்குள்ளேயே தெரியும், பள்ளம் தேவையில்லை. பையனை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். தண்டு கால் அங்குலம்கூட நகரவில்லை. நாலைந்து தடவை விட்டு விட்டு மிதித்தபோது கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தது. உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது சீல் கசிகிறது என்பதற்கு அது அடையாளம்.

ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றினால் ரப்பர் உறையில் கறுப்புத் தண்ணீர், சுவரில் துருக்குழிகள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காயலும் கடலும் சூழ்ந்த நம் ஊரில், இடவப்பாதி மழையில், கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். இன்னொன்று: அந்த டப்பாவில் என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். இளவயதில் நானே ஒரு முதலாளியின் வண்டியில் இதைச் செய்து வசவு வாங்கியிருக்கிறேன்.

புது ஸ்லேவ் சிலிண்டர், மாஸ்டருக்குப் புது சீல்கள், புது எண்ணெய். பெடலையும் மாஸ்டரையும் இணைக்கும் பின் தேய்ந்து அதன் துளை நீள்வட்டமாகியிருந்தது. பெடலின் அசைவில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிக்கொண்டிருந்ததால் அதையும் மாற்றினோம். பிறகு பையன் மிதிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூட, காற்று வெளியேறியது. அன்று மாலையே ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

தண்டு முழுதாக நகர்ந்தும் பல் உராய்ந்தால், மழைக்காலத்தில் நின்ற வண்டியின் கிளட்ச் தட்டு துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். என்ஜின் நின்ற நிலையிலும் கியர் எங்கே இருக்கிறதென்று தேடவேண்டியிருந்தால், லீவரின் இணைப்பிலுள்ள புஷ்களைப் பாருங்கள், சின்னச் செலவுதான். கியர்பாக்ஸ் ஆயிலில் ஜி.எல். 4 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எல். 5 ரகங்கள் சிலவற்றிலுள்ள மருந்துச் சேர்க்கை பித்தளை வளையங்களை அரிக்கும்.

அந்தப் பித்தளை வளையங்கள்தான் பற்கள் சேருமுன் வேகத்தைச் சமன்படுத்துகின்றன. நம் ஹெரால்டில் இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது. மூன்றிலிருந்து இறக்கும்போது இன்னும் முனகுகிறது. அதற்காகக் கியர்பாக்ஸைப் பிரிக்கவேண்டாம் என்றேன். கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டு. பழைய லாரி டிரைவர்கள் எல்லோரும் அறிந்த வித்தை. முதல் கியருக்கு அந்த வளையமே கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போடவேண்டும்.

பையன் தோப்பும்படி பழைய பாலம் வரை ஓட்டிப் பழகினான். முதல் நாள் பத்துத் தடவை முனகியது, மூன்றாம் நாள் ஒரு தடவை. ஆக்ரிக்காரர் மறுபடி வந்தபோது அவன் அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.