கத்தரி நாற்றுக்கு டியூப் லைட்

இயற்கை விவசாயிக்கு டியூப் லைட் எதுக்கு, சூரியன் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டு பத்து நாள் வெயில் முகமே காட்டாதபோது, கையில் இருந்த கொஞ்சம் விதையை நினைத்துப் பயம் வந்தது. அதன் பிறகுதான் இந்தப் பாடத்தைப் படித்தேன்.

எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த ரகம். ஒரு விதைத் திருவிழாவில் பெரியவர் ஒருவர் சின்னப் பொட்டலம் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 60 விதை. “தம்பி, இதைத் தொலைச்சிடாத, எங்கிட்டயும் இவ்வளவுதான் மிச்சம்” என்றார். பாதியை பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்து குழித்தட்டில் போட்டேன். கூடவே தக்காளியும் மிளகாயும். மழை அடித்ததால் தட்டுகளை வீட்டை ஒட்டிய சாய்ப்பு அறைக்குள் வைத்து, சுவரில் இருந்த டியூப் லைட்டை ராத்திரி பகலாக எரியவிட்டேன். அறை பளிச்சென்று இருந்தது. நாற்றுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. பத்தாம் நாள் நாற்றெல்லாம் நூல் மாதிரி வெளிறி நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிட்டது. முப்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

நம் கண் ஏமாற்றும். இருட்டு அறையில் சின்ன வெளிச்சத்தையும் அது பெரிதாகக் காட்டும். போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை காட்டும் கருவி, அந்தச் சாய்ப்பில் தட்டின் மேல் 200-ஐத் தாண்டவில்லை. அதே போனை டியூபிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தால் ஆயிரக்கணக்கில் ஏறியது. நீளமான டியூபுக்குப் பக்கத்தில், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். இன்னும் தள்ளிப் போனால் அதைவிட வேகமாகக் குறையும். ஆக, எந்த விளக்கு என்பதைவிட எவ்வளவு கிட்டத்தில் தொங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. டியூப் லைட் குண்டு பல்பு மாதிரி கொதிக்காது, அதனால் நாற்றின் தலைக்கு மேல் நாலு விரல் இடைவெளியில் தைரியமாக வைக்கலாம். நாற்று வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும். அதற்காகவே கம்பியில் முடுக்காமல் சங்கிலியில் தொங்கவிட்டேன்.

இரண்டாவது முறை சாய்ப்பு அறையில் வேலையைத் தொடங்கினபோதுதான் பெரிய ஆபத்து தெரிந்தது. பழைய டியூப் ஓரம் கறுத்திருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன். காலடியில் ஈரத்தரை. ஹோல்டரில் விரல் பட்டதும் தூக்கி அடித்தது. நல்லவேளை, விழுந்ததில் கை பிரிந்துவிட்டது. ஒயரிங் வேலை செய்யும் என் அக்கா மகன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தான். “மாமா, சுவிட்சு நியூட்ரல்ல போட்டிருக்காங்க. சுவிட்சை அணைச்சாலும் விளக்குல கரண்டு நிக்கும்” என்றான். யாரோ எப்போதோ செய்த வேலை. பத்து வருஷமாக அந்த அறையில் நாங்கள் புழங்கிக்கொண்டிருந்தோம்.

அதனால் ஒயரிங்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் சரியா என்று பார்க்க நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். செம்புச் சோக்கு போட்ட சாதாரண டியூபில், ஃபேஸ் ஒயர் முதலில் சுவிட்சுக்கு வரணும். சுவிட்சிலிருந்து சோக்கு, சோக்கிலிருந்து டியூபின் ஒரு முனையில் உள்ள இரண்டு பின்னில் ஒன்று. அதே முனையின் அடுத்த பின்னிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக மறுமுனையின் ஒரு பின். மிச்சமிருக்கும் பின்னுக்கு நியூட்ரல். தகரப் பட்டிக்கு எர்த் தனியாகக் கொடுக்கணும். சோக்கு எதுக்கு என்றால், டியூப் எரிய ஆரம்பித்ததும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறப் பார்க்கும், சோக்குதான் அதற்குக் கடிவாளம். ஸ்டார்ட்டருக்கு எரிய வைப்பதோடு வேலை முடிந்தது. எரிகிற டியூபில் அதைக் கழற்றினாலும் விளக்கு அணையாது. எலக்ட்ரானிக் சோக்கில் ஸ்டார்ட்டரே கிடையாது, முனைக்கு இரண்டாக நாலு ஒயர் நேராக டியூபுக்குப் போகும்.

தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் இன்னும் சில. மூணு பின் பிளக்தான் போடணும். சுவிட்ச் போர்டு தட்டைவிட உயரத்தில் இருக்கணும். ஒயரை போர்டுக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், போர்டுக்குள் ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. உடம்பு வழியாகக் கரண்டு தரைக்குக் கசிந்தால் நொடிக்குள் அறுத்துவிடும் பொருள் அது. எனக்கு அடித்த அன்றைக்கு அது இருந்திருந்தால் இத்தனை பயந்திருக்க மாட்டேன். டியூபை மாற்றும்போது சுவிட்சை நம்பாதீர்கள், மெயினையே இறக்குங்கள்.

இனி விளக்குத் தேர்வு. கடையில் ‘டேலைட்’ என்று கேட்டால் நீலச்சாயல் வெள்ளை தருவார்கள். அட்டையில் 6500 கெல்வின் என்று இருக்கும். நாற்றுக்கு அதுதான் சரி, நீல ஒளி தண்டைக் குட்டையாகத் தடிக்க வைக்கும். 2700 என்று எழுதிய மஞ்சள் வெளிச்சத்தில் நீல ஒளி குறைவு. டியூபில் 865 என்று அச்சிட்டிருந்தால், 8 என்பது நிறத்தை நன்றாகக் காட்டும் உயர்ந்த வகை, 65 என்பது 6500. பழைய தடித்த 40 வாட் டியூபைவிட ஒல்லியான 36 வாட் டியூப் மேல். அதையும்விட ஒல்லியான 28 வாட் டியூபுக்கு எலக்ட்ரானிக் சோக்குதான் பொருந்தும். ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கை அதிக விலைக்கு விற்கிறார்கள். 25 நாள் நாற்றுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்கணும். டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, நீள டியூபுகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்துவிட்டன. வீட்டில் ஏற்கெனவே டியூப் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதே 6500-இல் நாலடி எல்.இ.டி. பட்டியே வாங்குங்கள், சுமார் 20 வாட். பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூபை மாட்டுவதானால், அதன் அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து ஒயரிங்கை மாற்றணும். சிலதுக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையில், சிலதுக்கு முனைக்கு ஒன்று. மாற்றிக் கொடுத்தால் ஷார்ட் ஆகும். உடைந்த டியூபைத் துடைப்பத்தால் பெருக்கி எருக்குழியில் போடாதீர்கள். ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் எல்லோரும் வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் வாரி, தூளை ஈரக் காகிதத்தால் ஒற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

நான் வீட்டில் இருந்த 36 வாட் பட்டிகள் இரண்டை ஒரு சாண் இடைவெளியில் இணையாகத் தொங்கவிட்டேன். அதன் அடியில் இரண்டு குழித்தட்டு நீளவாக்கில் சரியாக அடங்கியது. டியூபின் இரண்டு முனையிலும் வெளிச்சம் கம்மி, அதனால் மூணு நாளைக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வைத்தேன். சுற்றிலும் வெள்ளை சார்ட் அட்டை நிறுத்தினேன். முளைக்கும் வரை விளக்கு தேவையில்லை, தலை தூக்கியதும் போட்டுவிடணும். தினம் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. டைமர் சுவிட்ச் வாங்கும் வரை, “என்னங்க, கல்யாண வீடு மாதிரி எரியுது, யாரு அணைக்கிறது?” என்று வீட்டில் தினமும் பாட்டு.

செலவு? இரண்டு டியூபும் சோக்குகளும் சேர்ந்து 96 வாட். 16 மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். 25 நாளைக்கு 38 யூனிட்தான். எல்.இ.டி. என்றால் பாதிக்கும் கீழே.

அறைக்குள் ஈரம் சீக்கிரம் காயாது, தண்ணீர் அதிகமானால் நாற்றழுகல் வரும். நான் தென்னை நார்க்கழிவு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்திருந்தேன். மேலே ஊற்றாமல் தட்டை அடியில் தண்ணீரில் நனைத்து எடுத்தேன். தினமும் உள்ளங்கையால் நாற்றின் தலையை லேசாகத் தடவிக்கொடுத்தேன், காற்றில் ஆடுவதுபோல் ஆடினால் தண்டு உறுதிப்படும்.

டியூப் வெளிச்சத்தில் வளர்ந்ததை நேரே வயலில் நட்டால் ஒரே பகலில் இலை வெந்துவிடும். மழை விட்டதும் முதல் நாள் காலை ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்கினேன். மீதி 30 விதையில் 26 நாற்று வந்தது. வயலில் இரண்டு காற்றில் ஒடிந்துபோக, மார்கழியில் நின்றது 24. அதில் நாலைக் காய் பறிக்காமல் விதைக்கே விட்டிருக்கிறேன். பழுத்ததும் முதல் பொட்டலம் அந்தப் பெரியவருக்கு.