மந்த காலமும் குடும்பக் கணக்கும்

கழுகுமலையைச் சூழ்ந்த கரிசற் சீமையில், "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்னும் பழமொழியை அறியாதார் இல்லை. சங்கக் கூட்டங்களில், "வீட்டு வரவு செலவை எழுதி வாருங்கள்" என்று கூறும்போதெல்லாம் இப்பழமொழியே மறுமொழியாக வருகின்றது. மிஞ்சாது என்று தெரிந்த பின்னர் எழுதுவானேன் என்பது அங்கத்தினர்களின் எண்ணம். நல்ல காலத்தில் இவ்வெண்ணத்தால் பெருங்கேடு விளைவதில்லை. மந்த காலத்திலோ அது குடும்பத்தையே கவிழ்த்து விடும். மிஞ்சாத அந்த உழக்கு எங்கே போயிற்று என்று கேட்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மந்தம் என்பது யாது?

வறட்சியில் விளைச்சல் இல்லை. மந்தத்தில் விளைந்தும் பயன் இல்லை. விளைபொருளுக்கு விலையும், உழைக்கும் கைக்கு வேலையும் ஒருங்கே குறையும் காலத்தையே பொருளாதார மந்தம் என்கிறோம். அண்மையில் நாம் கண்ட பெரிய மந்தம் 2020ஆம் ஆண்டில் நேர்ந்தது. கொரோனா நோயை முன்னிட்டு அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளில் வேலை நின்றது. சங்கரன்கோவில் பக்கத்துத் தறிகளும் ஓய்ந்தன. 2018இல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றதையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடானதையும் சேர்த்து எண்ணினால், நமக்கு இடர் புதிதன்று என்பது விளங்கும். ஒவ்வோர் இடருக்குப் பின்னரும் சில குடும்பங்கள் இரண்டாண்டுகளில் நிமிர்ந்து விடுகின்றன. சில குடும்பங்கள் பத்தாண்டுகளாயினும் நிமிர்வதில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பெரும்பாலும் வருமானம் அன்று. கடனும் அதன் வட்டியுமே.

1930 கற்பித்த பாடம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் விலைகள் சரிந்தன. 1929க்கும் 1933க்கும் இடையே இந்தியாவில் விளைபொருள்களின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிய நம் கருங்கண்ணிப் பருத்தியும் இதற்கு விலக்கன்று.

அப்போது குடியானவருக்கு நேர்ந்ததை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் 200 ரூபாய் கடன் பட்டிருந்தார் எனவும், ஒரு மூட்டைப் பருத்தி 20 ரூபாய் விற்றது எனவும் கொள்வோம். பத்து மூட்டை விற்றால் கடன் தீரும். மூட்டை 10 ரூபாய்க்கு இறங்கிய பின்னர் அதே கடனைத் தீர்க்க இருபது மூட்டை வேண்டும். கடனில் ஒரு காசும் ஏறவில்லை. ஆயினும் உழவன் கையில் அது இருமடங்காயிற்று. நிலத்தீர்வையும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டபின் தங்கத்தின் விலை ஏறவே, குடியானவர் வீட்டுப் பாம்படமும் சங்கிலியும் கடைவீதிக்கு வந்து, உருகிக் கப்பலேறிச் சென்றன.

இராஜாஜி தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிற்று. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டிப் பாக்கி முழுவதையும் அது தள்ளிற்று. வாங்கிய முதலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளவும் வழி செய்தது. இச்சட்டம் வருவதற்குள் ஒன்பது ஆண்டுகள் கழிந்து விட்டன. அதற்குள் கைமாறிய நிலமும் நகையும் ஏராளம். எனினும் அது முதலில் கை வைத்த இடத்தை நாம் கவனித்தல் வேண்டும். அது வட்டியிலேதான் கை வைத்தது. நம் வீட்டிலும் செலவுக் குறைப்பு அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

நாம் குறைப்பதும், குறைக்க வேண்டுவதும்

நடைமுறையில் இதற்கு நேர்மாறாகவே நடக்கின்றது. மந்தம் வந்தவுடன் வீட்டில் முதலில் நிற்பது குழந்தைகளின் பால். அடுத்து நிற்பது பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம். அதன்பின் பெண் பிள்ளையின் படிப்பு. சென்ற தலைமுறையில் இத்தகைய காலங்களில் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்பினர். 14 வயது நிரம்பாத பிள்ளைகளை அத்தொழிலில் அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அன்று பள்ளியை விட்டவர்களுள் பலர், பெற்றோரின் மந்தத்தைத் தம் ஆயுள் முழுதும் சுமந்தனர்.

அண்மையில் ஓர் அங்கத்தினர் வீட்டுக் கணக்கை, அவரும் அவர் மனைவியாரும் உடனிருக்க எழுதிப் பார்த்தோம். மகள் கல்யாணத்திற்காக வெளியாரிடம் ஒரு இலட்சம் ரூபாயை "மூன்று வட்டி"க்கு வாங்கியிருந்தார். விலை வீழ்ந்ததும், கடையில் குடிக்கும் இரண்டு வேளைத் தேநீரை நிறுத்தினார். 12 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 8,760 ரூபாய் மிச்சம். வீட்டுக்கு வாங்கிய அரை லிட்டர் பாலையும் நிறுத்தினார்கள். நாளொன்றுக்கு 25 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 9,125 ரூபாய் மிச்சம். இரண்டும் சேர்ந்து 17,885 ரூபாய். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் இலட்சத்திற்கு மாதம் 3,000. ஆண்டுக்கு 36,000 ரூபாய். வாயைக் கட்டிச் சேர்த்தது வட்டியில் பாதிக்குக்கூட எட்டவில்லை! கடன் வாங்கி 34 மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் கட்டிய வட்டியே 1,02,000 ரூபாய். முதல் அப்படியே நின்றது. கணக்கை நோக்கிய அந்த அம்மையார், "அப்போ இத்தனை நாளும் வயித்தைக் கட்டுனது யாருக்கு?" என்று கேட்டார். கணவர் விடை கூறவில்லை.

இத்தனைக்கும் அவ்வீட்டுப் பெட்டியில் நகை இருந்தது. அடகு வைத்தால் ஊர் பேசும் என்று அஞ்சி அதைத் தொடாமலிருந்தனர். சங்கத்தில் அந்நகையின் பேரில் ஒரு இலட்சம் பெற்று வெளிக்கடனைத் தீர்த்தனர். ஆண்டு வட்டி நூற்றுக்கு 10 ரூபாய் எனக் கொண்டால், 36,000 கட்டிய இடத்தில் 10,000 கட்டினால் போதும். மீந்த 26,000 ரூபாயில் பால் மீண்டும் வந்தது. எஞ்சியது முதலுக்குச் சென்றது. முதல் ஆண்டு மக்காச்சோள விலை கைகொடுக்கவில்லை. ஆதலின் நகை இன்னும் முழுவதும் மீளவில்லை. எனினும் கடன் இப்போது குறைந்து வருகின்றது. முன்பு அது குறையவே இல்லை.

ஆதலின், செலவைக் குறைக்கும்போது கீழ்க்கண்ட வரிசையைக் கைக்கொள்க.

முதலாவது, அதிக வட்டிக் கடன். இரண்டாவது, கடன் வாங்கிச் செய்யும் மொய், விருந்து, கொடைச் செலவு. மொய் நாம் பெற்றதைத் திருப்புவதாகலின் அறவே நிறுத்துதல் இயலாது. மந்த ஆண்டில் இவ்வளவே செய்வதென்று உறவினரும் ஊராரும் கூடி ஓர் அளவை வகுத்தல் இயலும். மூன்றாவது, தவணைக்கு வாங்கும் பண்டங்கள். இம்மூன்றையும் குறைத்த பின்னரும் போதாவிடில் மட்டுமே அன்றாடச் செலவில் கை வைத்தல் வேண்டும். பிள்ளைகளின் உணவு, படிப்பு, விதை, காப்பீடு, கறவை மாடு, தறி ஆகியவை கடைசி வரிசையைச் சேர்ந்தவை. இவற்றைக் குறைப்பது சிக்கனம் ஆகாது. அடுத்த ஆண்டு வருமானத்தை இன்றே விற்பதாகும்.

காப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவத்து உணவு தானியம், பயறு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு விவசாயி செலுத்துவது காப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்; பருத்தி போன்ற பணப் பயிர்களுக்கு ஐந்து ரூபாய். 20,000 ரூபாய்க் காப்புக்கு உளுந்து விதைப்பவர் செலுத்துவது 300 ரூபாயே. இதை மிச்சம் பிடித்தவர், பெருமழையில் பயிரை இழந்து மூன்று வட்டிக்கே திரும்ப நேரிடும்.

வட்டியை ஆண்டுக் கணக்கில் பார்த்தல்

வட்டியின் உண்மை உருவத்தை, மாதக் கணக்கும் நாட்கணக்கும் மறைத்து விடுகின்றன. இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 24. மூன்று வட்டி 36. தண்டல் இன்னும் வஞ்சகமானது. 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 தருகின்றனர். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாட்களில் 10,000 கட்ட வேண்டும். "ஆயிரந்தானே" என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், சராசரியாக நம் கையிலிருந்தது 4,500 ரூபாயே. அதற்கு 100 நாள் வட்டி 1,000. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 80 ரூபாய்க்கு மேல் ஆகின்றது!

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றின் பெயரால் அதீத வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. மிரட்டலுக்கு உள்ளானவர் தனித்து நில்லாமல், சங்கத்தாரையும் ஊராரையும் உடனழைத்துப் புகார் செய்தல் வேண்டும்.

நகை அடகிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எந்த வரவைக் கொண்டு, எந்த மாதம் மீட்பது என்று அடகு வைக்கும் அன்றே எழுதுக. எழுத இயலாவிடில், நகையில் ஒரு பகுதியை விற்றுக் கடனைத் தீர்ப்பதே மேல். மீட்கும் வழியின்றி ஆண்டுதோறும் வட்டி கட்டிப் புதுப்பிக்கப்படும் நகை, பெயருக்குத்தான் நம்முடையது.

சங்கமும் தவணையும்

1904இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நம் மாகாணத்தின் முதற்சங்கம் பதிவாயிற்று. அக்காலத்தில் இவற்றை "ஐக்கிய நாணய சங்கம்" என்றழைத்தனர். நாணயம் என்பது காசையும் குறிக்கும். சொல் தவறாமையையும் குறிக்கும். தவணை தவறாமல் கட்டுவோருக்குத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. தவணை தவறினால் இச்சலுகை போகும். அடுத்த பருவத்துக் கடனும் தடைப்படும். பின்னர் தண்டல்காரர் வாசலைத் தவிர வேறு வாசல் இராது.

2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. இனியும் ஆகும் என்று காத்திருப்போர் உளர். அத்தள்ளுபடிகள் பலருக்கு உயிர் கொடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஒழுங்காகக் கட்டியவர் மனம் வருந்தியதும் உண்மையே. எனினும் எந்தத் தள்ளுபடியும் வெளியாரின் மூன்று வட்டிக் கடனைத் தொட்டதில்லை. வராத தள்ளுபடியை நம்பிச் சங்கத் தவணையை விட்டுவிட்டு வெளிவட்டியைத் தவறாது கட்டுபவர், இரு வழியிலும் இழக்கின்றார். உண்மையில் கட்ட முடியாத நிலை நேருமாயின், தவணை நாளுக்கு முன்பே சங்கத்துக்கு வந்து சொல்லுதல் வேண்டும். இயற்கை இடர் அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தர வழியுண்டு. ஒளிந்துகொள்பவருக்கு அவ்வழி திறவாது.

ஆண்டுக் கணக்கு

மானாவாரிக் கரிசலில் விதைப்பது புரட்டாசி, ஐப்பசியில். பணம் வருவது தை முதல் பங்குனி வரை. வயிறு கேட்பதோ பன்னிரண்டு மாதமும். தையில் வந்த பணம் பங்குனி உத்திரத்தோடு கரைந்தால், ஆடியில் கடனைத் தவிர வேறு வழி இல்லை. ஆதலின் பணம் வந்த அன்றே அதை மூன்றாகப் பிரிக்க. ஒன்று கடனுக்கு, ஒன்று அடுத்த விதைப்புக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டுப் பங்கை மீண்டும் மாதவாரியாகப் பகுத்துச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் இடுக. நிலத்தில் ஒரு பகுதியேனும் கம்பு, சோளம், குதிரைவாலி ஆகியவற்றுக்கு ஒதுக்கினால், சந்தையில் விலை வீழ்ந்தாலும் அடுப்பு அணையாது.

நெசவாளருக்குக் கணக்கு வேறு. கூலி அவ்வப்போது வரும். ஆனால் அடைமழையில் பாவு காயாது, தறிக்குழியில் நீர் ஊறும். ஆகவே வேலையுள்ள ஒவ்வொரு வாரமும், வேலையற்ற வாரங்களுக்கென ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியிலிருந்து பிடிக்கப்படும் தொகையோடு அரசின் பங்கும் சேர்கின்றது. அதைப் பிடித்தம் என்று முணுமுணுத்தல் தகாது.

இக்கணக்கை ஆடவர் மட்டும் வைத்திருத்தல் போதாது. அடுப்படியில் குறைவது இன்னதென்று அறிந்தவர் இல்லத்தரசியே. இருவரும் அமர்ந்து எழுதும் கணக்கே குடும்பக் கணக்காகும். அப்படி எழுதிய பின்னரும் உழக்கு மிஞ்சாமற் போகலாம். ஆனால் அது எங்கே போகின்றது என்பது தெரிந்து விடும். தெரிந்த பின்னர் அதைத் தடுப்பது நம் கையில் உள்ளது.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கடன்கள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வட்டி நூற்றுக்கு எவ்வளவு? எழுதிப் பார்த்ததுண்டா?

2. சென்ற இடர்க் காலத்தில் உங்கள் வீட்டில் முதலில் நிறுத்தப்பட்ட செலவு யாது? அதை நிறுத்தியது சரியா?

3. மந்த ஆண்டுகளில் மொய்க்கு ஓர் அளவு வைக்க நம் ஊரார் உடன்படுவார்களா?