முதலில் ஊசியும் நூலும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மலையேற்றத்துக்கு ஒரு முதுகுப்பையும், மழைக்கு மேலே கட்ட ஒரு தார்ப்பாயும் நீங்களே தைக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனது நிறைந்தது. பாட்டியின் கால்மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதிய புது மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். உங்கள் வேலைக்கு அதுவே போதும்.

வீட்டு மெஷின்களில் அந்தப் பெயர் பெரும்பாலும் மோட்டாரின் வேகத்தைத்தான் சொல்கிறது. நான்கு மடிப்பு கித்தானில் ஊசி இறங்க வேகம் வேண்டாம். நிதானமும் பலமும் வேண்டும். வார்ப்பிரும்பு உடம்பும் கனமான சக்கரமும் கொண்ட பழைய மெஷினில், தடித்த இடம் வந்தால் காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடலாம். நேர்த்தையல் மட்டும்தான் வரும் என்று குறைப்பட வேண்டாம். முதுகுப்பைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. எண்ணெய் விட்டு, தட்டைக் கழற்றித் துணியை நகர்த்தும் அடிப்பல்லுக்கு நடுவே அடைந்திருக்கும் பஞ்சை எடுத்து, தோல்பட்டையை மாற்றினால் ஓடும். வீட்டில் தைப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பேர்பெற்ற கெல்ட்டி முதுகுப்பைகளே 1952இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் தொடங்கியவைதான். டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டம் செய்ய, மனைவி நீனா பைகளைத் தைத்தார்.

பணத்தையும் கவனத்தையும் நூலில் வையுங்கள். நூலின் தடிமனை டெக்ஸ் என்று சொல்வார்கள். ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெக்ஸ். நம் ஊர் நூல்கடைகளில், மதுரா கோட்ஸ் போன்ற கம்பெனிகளின் கோன்களில், டிக்கெட் எண்ணும் இருக்கும். அது தலைகீழ்க் கணக்கு: எண் கூடக் கூட நூல் மெலியும். 3000ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ டெக்ஸ் வந்துவிடும். சட்டை தைக்கும் 120 டிக்கெட் நூல் டெக்ஸ் 25 அளவில் நிற்கும். முதுகுப்பைக்கு வேண்டியது 40 டிக்கெட், அதாவது டெக்ஸ் 70, 75. இதுதான் உங்கள் மெஷினுக்கு வசதியான மேல் எல்லையும்கூட. இதைவிடத் தடித்த நூலைத் திணித்தால் டென்ஷன் தட்டு பிடிக்காது, பாபினில் நூல் கொஞ்சம்தான் ஏறும், துணிக்கு அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டும்.

நைலானா பாலியெஸ்டரா? ஒரே தடிமனில் நைலான் கொஞ்சம் பலம் கூடியது. இழுவைக்கு ஈடுகொடுத்து நீளும். ஆனால் வெயிலில் சீக்கிரம் நலிந்துபோகும், நனைந்தால் தளரும். பாலியெஸ்டர் வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். நம் வெயிலுக்கு நான் பாலியெஸ்டர் பக்கம்தான். எதுவானாலும் நீண்ட தொடர் இழைகளால் ஆன இழைநூலாக இருக்கட்டும். தையல்கடையில் சுலபமாகக் கிடைக்கும் பஞ்சுபோன்ற நூல், குட்டை நார்களை முறுக்கியது; அதே தடிமனில் பலம் குறைவு. ‘பாண்டட்’ என்று கேட்டு வாங்கினால் புரிகள் ஒட்டி இருக்கும், ஊசிக் காதில் உரசிப் பிரியாது. பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும்.

நூல் முடிவானால் ஊசி தானே முடிவாகும். ஊசியில் 100/16 என்று இருந்தால், முதல் எண் ஊசித்தண்டின் குறுக்களவு: ஒரு மில்லிமீட்டர். டெக்ஸ் 70க்கு இரண்டாம் எண் 16 அல்லது 18. சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒரு முழம் நூலை வெட்டி ஊசியில் கோத்து, இரு முனைகளையும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கிக் கீழே வர வேண்டும். நடுவில் நின்றால் காது சிறிது. அடுத்த எண்ணுக்குப் போங்கள். இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். ஒரு தையலில் போய் அமரும் முன் அதே துண்டு நூல் ஊசிக் காதின் வழியே பல முறை மேலும் கீழும் போய்வருகிறது. காது இறுக்கினால் நூல் தைக்கும்போதே பாதி தேய்ந்துவிடும், பிறகு பை தாங்குமா?

ஊசி வாங்கப் போகும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள். கொண்டை ஒரு பக்கம் தட்டையா, முழு உருண்டையா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். ரகம் மாறினால் தையல் விடும். கூர்முனை ஊசி, அல்லது ஜீன்ஸ் ஊசி. தோல் தைக்கும் ஊசி பையின் பட்டைக்குப் போடும் நாடாவுக்கு ஆகாது, அதன் முனை இழைகளை அறுத்துக்கொண்டே போகும். ‘டக் டக்’ என்று குத்தும் ஓசை கேட்டால் முனை மழுங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். நெருக்கமாகப் போட்டால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருங்கிய துளைகள் துணியையே கிழிக்கும். பை அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் தோள்பட்டை முதுகுத் துணியோடு சேரும் மேல் முனைதான். அங்கே பட்டையின் வாலை நீளமாக உள்ளே விட்டு, ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டுத் தையுங்கள்.

தார்ப்பாய்க்கு எல்லாமே வேறு. மெல்லிய நைலான் துணி, 11 அல்லது 12 ஊசி, மெல்லிய பாலியெஸ்டர் நூல். குண்டூசி குத்தாதீர்கள், பூச்சுத் துணியில் விழுந்த துளை மூடாது. துணிக் கிளிப் போதும்.

பிற்பாடு கனத்த நாடா, டெக்ஸ் 135 நூல், 22ஆம் எண் ஊசி என்று போக ஆசை வந்தால் அப்போது வாக்கிங் ஃபுட் மெஷின் பாருங்கள். மேல் பாதமும் ஊசியும் அடிப்பல்லும் சேர்ந்து துணியை நகர்த்தும் மெஷின் அது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் இருப்பவர்களிடம் விசாரித்தால் அதன் குணம் தெரியும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பாறையேற்றத்துக்கான இடுப்புவாரும் உயிர் தாங்கும் கயிற்றுப் பட்டையும் வீட்டில் தைக்கக் கூடாது. 2006இல் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் என்ற தேர்ந்த பாறையேறி, இடுப்புவாரின் தேய்ந்த வளையம் அறுந்து இறந்தார். அது கடையில் வாங்கும் ரகத்து வார்தான். தேய்ந்தால் அதுவும் அறுகிறது. அப்படியிருக்க, சோதித்துப் பார்க்க வழியில்லாத நம் கைத்தையலில் உயிரை எப்படித் தொங்கவிடுவது?

இப்போதைக்கு ஒரு கோன் நூலும் 16, 18 ஊசிகளும் வாங்கி, மீந்த கித்தான் துண்டை நான்காக மடித்துத் தைத்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் தையல் ஒரே மாதிரி தெரிய வேண்டும், முடிச்சு துணிக்குள்ளே மறைந்திருக்க வேண்டும். இரு பக்கத்தையும் படம் எடுத்து, ஊசி எண்ணையும் நூலின் டெக்ஸையும் எழுதி அனுப்புங்கள். டென்ஷனை எந்தப் பக்கம் திருப்புவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்