கோயில் உலாவும் நீரிழிவுப் பாதமும்

சனி, ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்ததும், பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கோயில், பட்டுக்கடை, மாலையில் கச்சேரி என்று காஞ்சியைச் சுற்றிவருவது பல குடும்பங்களின் வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் இந்த இன்பத்தைத் துறக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய பாதங்களைக் காக்கும் முறையைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

உணர்விழந்த பாதம்

இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாதங்களின் நரம்புகள் பழுதடைகின்றன. சூடும் வலியும் மூளைக்கு எட்டுவதில்லை. நண்பகலில் கருங்கல் தளத்தில் நடக்கும்போது மற்றவர்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவர். இவர்களோ நிதானமாக நடந்து செல்வர். கொப்புளம் தோன்றிய பின்னரே தீப்புண் தெரியவரும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அப்புண் எளிதில் ஆறாது. கிருமி பரவி விரலையோ காலையோ இழக்கவும் நேரலாம். ஆகவே, 'வலிக்கவில்லை' என்பது ஆறுதலான செய்தி அன்று.

காலையில் கலை

கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சிற்றாலயங்களில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். அவற்றைப் பார்க்கத் திறந்தவெளி முற்றத்தைச் சுற்றிவர வேண்டும். ஏகாம்பரநாதர் கோயிலிலும் வெளிப்பிராகாரம் பரந்தது. இவ்விரண்டையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். தளத்தின் சூட்டை உணர்வுள்ள ஒருவர் முதலில் தம் பாதத்தால் சோதிக்கட்டும். கோயில் அனுமதித்தால் தடித்த பருத்திக் காலுறை அணியலாம். காலணியைக் கோயில் வாயிலுக்கு அருகிலேயே விடுங்கள். திரும்ப அணியுமுன் உள்ளே கல், முள் உள்ளனவா எனக் கையால் தடவிப் பாருங்கள்.

மாலையில் இசை

லய நுட்பத்துக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) வாழ்ந்த ஊர் இது. இங்குக் கச்சேரி கேட்பதும் தனி அனுபவமே. எனினும், வெறுந்தரையில் இரண்டு மணி நேரம் சம்மணமிட்டால் வெளிக் கணுக்கால் எலும்பின்மேல் அழுத்தம் விழும். உணர்வற்றவர்களுக்கு அங்கும் புண் உண்டாகும். நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். தரையில் அமர நேர்ந்தால் மெத்தென்ற விரிப்பின்மீது அமர்ந்து, அடிக்கடி காலை நீட்டி மாற்றுங்கள்.

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவு நேரத்தைத் தள்ளிப்போடலாகாது. நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையின் அளவைப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இரவில் ஐந்து நிமிடம்

• வீடு திரும்பியதும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு, கணுக்கால் ஆகியவற்றைப் பிள்ளைகளோ பேரக்குழந்தைகளோ பார்க்கட்டும்.
• களைப்புத் தீர வெந்நீரில் காலை வைக்க வேண்டாம்.
• சுட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்நீரில் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்கவோ பற்பசை, மை, மஞ்சள் பூசவோ கூடாது.
• கொப்புளம், நிறமாற்றம், வீக்கம், நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றுள் எது இருப்பினும், வலி இல்லாவிடினும், மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டறியும் எளிய சோதனை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்த உலாவுக்குத் திட்டமிடும்போதே அதனையும் செய்துவிடலாம்.