தொட்டி கட்டுமுன்

மைசூரு

அன்புள்ள கயல்,

ஸ்பைருலினா தொட்டி போடப்போவதாக எழுதியிருந்தாய். வேலைக்குக் காத்திராமல் தொழில் பார்க்க நினைப்பதில் சித்தப்பாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் திட்டத்தில் முக்கால்வாசி வளர்ப்பதைப் பற்றியே இருக்கிறது. இதில் சுலபமான வேலையே அதுதான். சோடா உப்புப் போட்டுத் தண்ணீரின் பிஎச் பத்தை ஒட்டி இருந்தால் வேறு உயிர்கள் லேசில் அண்டாது. வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐயில் எழுபதுகளில் ஜெர்மானியர்களோடு சேர்ந்து நுண்பாசி ஆராய்ச்சி நடந்தது. எல். வி. வெங்கடராமன் அதில் முக்கியமானவர். முதலில் வளர்த்தது செனடெஸ்மஸ் என்ற பாசி. பொடிப்பொடி செல்கள்; பிரித்தெடுக்க மையவிலக்கு இயந்திரம் வேண்டும், தடித்த செல்சுவரை உடைக்கச் சூடான உருளையில் உலர்த்த வேண்டும். ஸ்பைருலினாவோ சுருள் இழை, துணியிலேயே வடிந்துவிடும். (கறாராகப் பார்த்தால் அது பாசியே அல்ல, பாக்டீரியா.) சென்னையில் சி. வி. சேஷாத்ரியின் முருகப்பா செட்டியார் ஆய்வு மையம் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக முடிந்தது இதனால்தான்.

அறுவடையைக் கற்றுக்கொள். துணியில் வடிக்கும்போது கீழே இறங்கும் தண்ணீரைப் பார்: நீலம் கலந்திருந்தால் செல்கள் உடைந்து ஃபைகோசயனின் கசிகிறது என்று அர்த்தம். ஐஸ்கிரீமுக்கும் மிட்டாய்க்கும் நீல நிறம் கொடுக்க விலை கொடுத்து வாங்கும் சரக்கு அது. உன் வீட்டில் சாக்கடைக்குப் போகும். சோடா போகக் கழுவி, பிழிந்து, இடியாப்பம்போல் பிழிந்துவிட்டு, அன்றைக்கே காயவை. சூடு மிஞ்சினால் நிறமும் போகும், நாற்றமும் வரும்.

விற்கும்போது வாயடக்கம் வேண்டும். அறுபது சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் ஐந்து கிராம் பொடியில் மூன்று கிராம்தான். ஒரு முட்டையில் அதைப்போல இரு மடங்கு. பி12 என்று லேபிளில் அச்சடிக்காதே; ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். சிஎஃப்டிஆர்ஐ ஸ்பைருலினாவைச் சிக்கியில் கலந்தது. வாசனை தெரியாது, பிள்ளைகள் சாப்பிடும். நீயும் கடலைமிட்டாய்க்காரர் ஒருவரைப் பிடி.

பாசியில் டீசல் எடுக்கும் ஆசையைத் தள்ளிவை. 2009-இல் அதில் இறங்கிய எக்ஸான்மொபிலே 2023-இல் கைவிட்டது. அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி தரும் ஹீமடோகாக்கஸ் பாசியும் வேண்டாம்; பட்டினி போட்டு, வெளிச்சத்தில் வாட்டிச் சிவக்க வைக்க வேண்டும், அழுக்கும் தாங்காது.

கொத்தனாருக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதே. ஐப்பசி மழை தொட்டியில் விழுந்தால் சோடா நீர்த்துப்போகும். மேலே என்ன கூரை, எவ்வளவு செலவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா