37 குதிரைக்கு மேல் ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிஃப்ட் முடித்துவிட்டு, கம்பெனி பேட்ஜ் கழுத்தில் தொங்க பென்னலூரில் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மாமா, இதுக்கு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?" வெளியே நிற்பது பழைய மாருதி 800 ஆக இருக்கும், இல்லை எஸ்டீம், இல்லை இந்த ஊர்ப் பக்கமே பிறந்த முதல் தலைமுறை சான்ட்ரோ. ஏற்ற முடியும். டீ குடித்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. வண்டி ரோட்டில் ஓடப்போகிறதா, ட்ராக்கில் ஓடப்போகிறதா? இதற்குப் பதில் சொல்லாமல் போனட்டைத் திறக்காதே. ரோட்டு வண்டியென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து ஆர்.சி. மாறும்படி எதையும் செய்யக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். ட்ராக் என்றால் நமக்கு இருங்காட்டுக்கோட்டை கூப்பிடு தூரம். அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓடியவர்களின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த பாதை அது, ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கே ஓட லைசென்ஸ் வேண்டும், வண்டி எந்த வகுப்பு என்று முடிவாக வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பாகத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விதிப்புத்தகம் உண்டு. ஸ்பேனர் வாங்குவதற்கு முன்னால் அதைப் படி. மணிக்கணக்கில் செய்த வேலையை, பந்தயத்துக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள்.

2. இருப்பதை முதலில் அளந்து பார். 20 வருஷம் ஓடிய 800-ல் கம்பெனி கொடுத்த 37 குதிரைச் சக்தியும் இன்னும் இருக்கும் என்று நம்பாதே. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் பார். மூன்றும் நெருங்கி வரவேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி பார். ஏறினால் ரிங் போயிருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வில் சந்தேகம் வை. வால்வு கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங், ஏர் ஃபில்டர், உரசிக்கொண்டே ஓடும் பிரேக் இவ்வளவையும் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு ஆசை தீர்ந்துவிடுகிறது. எனக்கு வருமானம் குறைகிறதுதான், போகட்டும்.

3. எஞ்சின் என்பது காற்று பம்ப். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோல் எரியும், அவ்வளவுதான் சக்தி. இதை மாருதி கம்பெனியே நமக்கு நடத்திக் காட்டியிருக்கிறது. கார்புரேட்டர் வைத்த 800-ன் எஞ்சின் 796 சி.சி., 37 குதிரை. அதே 68.5 மில்லி போர், அதே 72 மில்லி ஸ்ட்ரோக், அதே 796 சி.சி.; சிலிண்டருக்கு நான்கு வால்வும் பெட்ரோல் இஞ்செக்‌ஷனும் கொடுத்தபோது 45 ஆனது. எஸ்டீமிலும் அப்படித்தான். 1298 சி.சி. மாறவேயில்லை; 8 வால்வு 16 ஆகி, இஞ்செக்‌ஷன் வந்ததும் 65 குதிரை 85 ஆனது. ஆலையும் ஆராய்ச்சிக்கூடமும் வைத்திருக்கிற கம்பெனி எஞ்சின் தலையையே முழுதாக மாற்றிப் பெற்றது இவ்வளவு. ஜி.பி. ரோட்டில் வாங்கிய சிவப்பு ஃபில்டர் ஒன்றே பத்துக் குதிரை தரும் என்று எவனாவது சொன்னால், டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடு.

4. அந்த ஃபில்டரைப் பற்றி இன்னும் ஒன்று. போனட்டுக்குள் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் திறந்தாற்போல் மாட்டினால் அது குடிப்பது சூடான காற்று. 25 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. நம்ம ஊர் மே மாதத்தில் போனட்டுக்குள் 40 எல்லாம் எந்த மூலைக்கு? குளிர்ந்த காற்றை முன்பக்கத்திலிருந்து கொண்டுவர கம்பெனி வைத்த பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கி எறியாதே. சைலன்சரை வெட்டி வரும் சத்தத்துக்கு, பவரை அளக்கும் டைனோ மெஷின் மார்க் போடாது.

5. போர்ட்டை அகலமாக்கினால் பவர் ஏறும் என்று கிரைண்டரைக் கையில் எடுக்காதே. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எட்டிப் பாயுமே, அந்த வேகம்தான் கீழ் ஆர்.பி.எம்.மில் சிலிண்டரை நிரப்புகிறது. போர்ட்டைப் பெரிதாக்கினால் அந்த வேகம் போய்விடும். சுங்குவார்சத்திரம் சிக்னலில் கிளட்ச் விடும்போது வண்டி திணறுவது உனக்கே தெரியும். கேஸ்கெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைச் சமன் செய். வால்வு கைடு பக்கத்து வளைவை மிருதுவாக்கு. காசு இருந்தால் அதை வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவதில் போடு. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும் நேரத்தில் காற்று எப்படித் திரும்புகிறது என்பதை அந்த ஒன்றிரண்டு மில்லி இடம்தான் தீர்மானிக்கிறது. இன்டேக் பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டாம்.

6. கம்ப்ரஷன். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். லேத்துக்காரரிடம் தலையைக் கொடுத்து "ஒரு மில்லி பேசிங் போடுங்கண்ணே" என்பதற்கு முன்னால் கணக்குப் போடு. 800-ல் ஒரு சிலிண்டர் சுமார் 265 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 9 என்றால், பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது மிஞ்சும் இடம் 33.2 சி.சி.; 10 என்றால் 29.5. அதாவது 3.7 சி.சி. குறைக்க வேண்டும். 68.5 மில்லி வட்டத்தில் அது ஒரு மில்லி உயரம். தலையில் பெட்ரோல் எரியும் குழி, அதாவது சேம்பர், அந்த வட்டத்தைவிடச் சின்னது என்பதால், நிஜத்தில் அதைவிட அதிகமாகச் சீவ வேண்டியிருக்கும்.

சேம்பரின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? தலையைக் கவிழ்த்து வை. பிளக்கையும் வால்வையும் மாட்டி, ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி, நடுவில் சின்ன ஓட்டை போட்ட தடித்த கண்ணாடித் துண்டை மேலே அழுத்து. பள்ளிக்கூட லேபில் பார்த்த பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டி, மண்ணெண்ணெயில் துளி சாயம் கலந்து, அந்த ஓட்டை வழியாக விடு. குமிழி ஒன்றும் நிற்காமல் நிரம்பும் இடத்தில் நிறுத்தி அளவை எழுது. எல்லாச் சேம்பருக்கும் இதைச் செய். அரை சி.சி. வித்தியாசம் இருந்தால் சின்னதைப் பெரிதோடு சேர்த்துச் சமப்படுத்து. கேஸ்கெட்டின் கனத்தையும் பிஸ்டன் தலையிலிருக்கும் குழியையும் கணக்கில் சேர்க்க மறக்காதே.

இவ்வளவு பாடுபட்டு 9-ஐ 10 ஆக்கினால் ஏட்டுக் கணக்குப்படி வெப்பத்தை வேலையாக மாற்றும் திறன் கூடுவது ஏறக்குறைய 3 சதவீதம். 37 குதிரையில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. தலையைச் சீவியதால் கேம் ஷாஃப்ட் கீழே இறங்கி, பெல்ட் டைமிங்கும் கொஞ்சம் பின்வாங்கும்; அதையும் திருத்த வேண்டும். லாபம் நஷ்டம் இரண்டையும் நீயே பார்த்துக்கொள்.

7. கம்ப்ரஷன் ஏற்றிவிட்டு மேட்டில் டாப் கியரில் மிதிக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்டால் அது நாக்கிங். பிளக் கொளுத்திய தீ வந்து சேருவதற்கு முன்னால், ஓரத்தில் அழுந்தி நிற்கும் கலவை தானே வெடிக்கிறது. ரிங் உட்காரும் பள்ளம் உடைவது இதனால்தான். பிளக்கைக் கழற்றிப் பார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போலப் புள்ளிகள் இருந்தால் இக்னிஷனைப் பின்னே தள்ளு.

பெட்ரோலும் முன்பு மாதிரி இல்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நாக்கிங்கைத் தடுக்க அது நல்லதுதான். ஆனால் சுத்தப் பெட்ரோலில் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு, இந்தக் கலவையில் சுமார் 13.5. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு கிடையாது, ஜெட்டை நீதான் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கலவை வற்றி, எஞ்சின் சூடேறும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடு.

8. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு சி.சி. ஏற்றலாம் என்பார்கள். 68.5-ஐ 69 ஆக்கினால் 796 சுமார் 808 ஆகும். தேய்ந்த போருக்கு அது வைத்தியம், பவருக்காகச் செய்கிற வேலை இல்லை.

9. ஆர்.பி.எம். லிமிட்டை ஏற்றுவது சாஃப்ட்வேர்க்காரனுக்கு இரண்டு நிமிட வேலை. கனெக்டிங் ராடின் மீது விழும் இழுவை ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தில் ஏறும். 6,000-லிருந்து 7,500-க்குப் போனால் ஆர்.பி.எம். ஏறுவது 25 சதவீதம். ராடு தாங்க வேண்டியது 56 சதவீதம் அதிகம். எஸ்டீமின் 75.5 மில்லி ஸ்ட்ரோக்கில், 7,500-ல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 19 மீட்டர். ராடு போல்ட்டைப் பழையதையே மாட்டாதே. டார்க் ரெஞ்ச் இல்லாமல் ராடு கேப்பைத் தொடாதே. வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வைத் திருப்பி மூடுமா என்றும் பார்.

10. கேம் ஷாஃப்ட் மாற்றினால் பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பட்டை ஒட்டி, அதன்மேல் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு தலையை மாட்டி டைட் செய். கிராங்கைக் கையால், ஸ்பேனர் வைத்து இரண்டு சுற்று முழுக்கச் சுற்று, செல்ஃப் அடிக்காதே. தலையைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைப் பிளேடால் வெட்டி அதன் கனத்தை அள. இன்டேக்கில் ஒன்றரை மில்லிக்கும் எக்சாஸ்டில் இரண்டு மில்லிக்கும் குறைந்தால் அந்தக் கேம் உனக்கு வேண்டாம்.

11. எடையைக் குறை. இதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் 1980களின் கடைசியில் இதே 796 சி.சி. மாருதி எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை பந்தய வண்டியில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓடியது அதில்தான், அதுவும் நம்ம இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார், செட்டிப்பாளையத்து ட்ராக்குக்கு அவர் பெயர்தான். வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற காரின் எஞ்சின் அது. சுமையை எடுத்துவிட்டால் என்ன செய்யும் என்று அவர் காட்டினார். ட்ராக்குக்கு என்று ஒதுக்கிய 650 கிலோ வண்டியில் பின்சீட், ஸ்டெப்னி, ஏசி, கதவு அட்டை என்று 65 கிலோ இறக்கினால், பிக்கப்பில் சுமார் பத்து சதவீதம் பவர் ஏற்றியதற்குச் சமம். இது பிரேக்குக்கும் டயருக்கும் கூட நல்லது. மேலே சொன்ன எந்த வேலையிலும் அந்தச் சலுகை கிடையாது.

12. பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், ரேடியேட்டர். பவருக்கு முன்னால் இவை நான்கும்.

13. டைனோவில் ஏற்றினால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை ஏற்று. அதே மெஷின், அதே டயர் காற்று, முடிந்தால் அதே காலை நேரம். ஒரு வேலைக்கு ஒரு ரன். ஃபில்டர், கேம், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு நம்பரைப் பார்த்தால் எது கொடுத்தது, எது கெடுத்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உச்ச நம்பரை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காமல், 3,000-லிருந்து 5,000 வரை கோடு எப்படிப் போகிறது என்று பார். ட்ராக்கில் வளைவிலிருந்து வெளியே வரும்போது நீ இருக்கும் இடம் அது.

14. புது கேம் போட்ட எஞ்சினை முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடாதே. அதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை செல்ஃப் அடித்து ஆயிலை மேலே ஏற்று. ஸ்டார்ட் ஆனதும் 2,000 பக்கத்தில் கொஞ்சம் ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓடட்டும். ராக்கரும் கேமும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது. பக்கத்தில் நின்று டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டிரு, போனைப் பார்க்காதே. பிறகு ஆயிலைச் சூடாகவே வடித்து, ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்து வெயிலில் காட்டிப் பார். மினுக்குத் தூள் கொஞ்சம் இருந்தால் சகஜம். செதில் செதிலாக ஏதாவது தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடு. ஓட்டிக்கொண்டு வராதே, கட்டி இழுத்துக்கொண்டு வா.